பெரிய எழுத்து, குறைந்த சொல்: கையால் வரைந்த தடித்த எழுத்துருக்கள்

பத்தி பத்தியாக ஓடும் கட்டுரையில் எழுத்துரு கண்ணில் படக்கூடாது. எழுத்து ஒதுங்கி நின்று விஷயத்துக்கு வழிவிட வேண்டும். ஆனால் ஒரு புத்தக அட்டையிலோ போஸ்டரிலோ டி-ஷர்ட்டிலோ மொத்தமே நாலைந்து சொற்கள்தான் இருக்கும். அங்கே எழுத்துதான் முதலில் கண்ணை இழுக்க வேண்டும். என்ன எழுதியிருக்கிறது என்று படிப்பதற்கு முன்பே ‘இது கொண்டாட்டம்’, ‘இது குழந்தைகளுக்கானது’, ‘இது கோபமாகப் பேசுகிறது’ என்று ஒரு குணத்தை அது காட்டிவிட வேண்டும். இப்படித் தலைப்புக்கென்றே வரையப்படும் எழுத்துருக்களை டிஸ்ப்ளே எழுத்துருக்கள் என்பார்கள்.

அவற்றில் ஒரு வகைதான் கையால் வரைந்த தடித்த எழுத்துருக்கள். பட்டை பிரஷ்ஷால் இழுத்தது போல, தடித்த மார்க்கரால் நிரப்பியது போல, காகிதத்தைக் கத்தரித்து ஒட்டியது போல இருக்கும். புதிதாக டிசைன் கற்றுக்கொள்பவர்கள் முதலில் ஓடிப்போய் எடுப்பதும் இவற்றைத்தான், பொருந்தாத இடத்தில் வைத்துவிட்டு ‘ஏன் நன்றாக இல்லை?’ என்று குழம்புவதும் இவற்றால்தான். இவற்றைப் பற்றி ஒரே ஒரு விஷயத்தைத்தான் சொல்ல முடியும் என்றால், நான் இதைச் சொல்வேன்: தடித்த எழுத்தைப் பார்க்கும்போது கறுப்பை விட்டுவிட்டு, கறுப்பு மிச்சம் வைத்திருக்கும் வெள்ளையைப் பாருங்கள். அந்த வெள்ளை சரியாக இருந்தால் எழுத்து சரியாக இருக்கும். இனி வரப்போகும் எல்லாமே ஏதோ ஒரு வழியில் இதைச் சுற்றித்தான் வரும்.

தடிமன் எங்கே போய் உட்காருகிறது?

எழுத்துருவின் தடிமனுக்கு 100 முதல் 900 வரை ஓர் எண் அளவு வழக்கில் இருக்கிறது. நாம் தினமும் படிக்கும் சாதாரண எழுத்து 400. போல்டு 700. பிளாக் என்று சொல்லப்படும் மிகத் தடித்தது 900. டிஸ்ப்ளே எழுத்துருக்களில் பல இந்த 900-க்கு நிகரான கனத்தில்தான் இருக்கும்.

ஒரு கோட்டைத் தடிமனாக்கினால், அந்தக் கூடுதல் கறுப்பு எங்காவது போயாக வேண்டும். வெளிப்பக்கம் போனால் எழுத்து அகலமாகும், ஒரு வரியில் குறைவான எழுத்துகளே அடங்கும். உள்பக்கம் போனால் எழுத்துக்குள் இருக்கும் வெற்றிடம் சுருங்கும். ஆங்கில ‘ஓ’வின் நடுவே இருக்கும் ஓட்டை, தமிழ் ‘ம’வின் வலப்பக்கச் சுழிக்குள் இருக்கும் இடம், இவையெல்லாம் அப்படிப்பட்ட வெற்றிடங்கள். நம் கண் ஓர் எழுத்தை அடையாளம் காண்பதில் இந்த வெற்றிடங்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

‘மூணு சுழி ண’வை எடுத்துக்கொண்டால் இது பளிச்சென்று தெரியும். மெல்லிய பேனாவால் எழுதும்போது மூன்று சுழிகளும் தாராளமாக விழும். அதே எழுத்தைப் பட்டை பிரஷ்ஷால், அதே அகலத்துக்குள் எழுதிப் பாருங்கள். இரண்டாவது சுழிக்கு வரும்போதே இடம் தீர்ந்துவிடும். சாதாரண எழுத்தைச் சாஃப்ட்வேரில் கண்ணை மூடிக்கொண்டு தடிமனாக்கினால் சுழிகள் அடைந்து, மூன்று சுழியா இரண்டு சுழியா என்றே தெரியாது. ‘மணம்’ எது, ‘மனம்’ எது என்று வாசகர் திணற வேண்டியதுதான். நல்ல வடிவமைப்பாளர் இங்கே என்ன செய்வார்? ‘ண’வைப் பக்கத்து எழுத்துகளைவிடச் சற்று அகலமாக்குவார். சுழிகள் வரும் இடத்தில் மட்டும் கோட்டைக் கொஞ்சம் மெலிதாக்கி, வலப்பக்கக் காலில் முழுத் தடிமனையும் வைப்பார். தூரத்திலிருந்து பார்த்தால் எல்லா எழுத்தும் ஒரே கனத்தில் இருப்பதாகத்தான் தோன்றும். அளவுகோல் வைத்து அளந்தால் ஒன்றும் ஒத்துப்போகாது.

புள்ளிக்கும் இதே கதைதான். தடித்த ‘ண்’ணின் தலையில் மெல்லிய புள்ளி வைத்தால் அச்சுப் பிழை மாதிரி இருக்கும். புள்ளியையும் பெரிதாக்க வேண்டும், அதோடு புள்ளிக்கும் எழுத்துக்கும் நடுவே ஒரு தெளிவான வெள்ளைக் கீற்றையும் விட வேண்டும். அந்தக் கீற்று இல்லையென்றால் சிறிய அளவில் புள்ளி எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும்.

கை எங்கே தெரிகிறது?

கையால் வரைந்தது என்று நமக்கு எப்படித் தெரிகிறது? பெரும்பாலும் ஓரங்களில். நேர்க்கோடு போலத் தெரிவது உண்மையில் லேசாக வயிறு தள்ளியிருக்கும். ஒரே எழுத்தின் இடது காலும் வலது காலும் ஒரே அகலத்தில் இருக்காது. எல்லா எழுத்தும் ஒரே அடிக்கோட்டில் உட்காராமல் ஒன்று எம்பியும் ஒன்று இறங்கியும் நிற்கும். கோட்டின் முனையைப் பார்த்தால் என்ன கருவி என்றுகூடச் சொல்லிவிடலாம். மார்க்கர் என்றால் முனை மழுங்கி உருண்டிருக்கும். பட்டை பிரஷ் என்றால் சாய்வாக வெட்டுப்பட்டு, கடைசியில் மயிரிழை மயிரிழையாகப் பிரிந்திருக்கும். காகிதத்தைக் கத்தரித்தது என்றால் வளைவே சிறு சிறு நேர்வெட்டுகளாக இருக்கும். சாக்பீஸ் என்றால் கறுப்புக்குள் பொரிப்பொரியாக வெள்ளை எட்டிப் பார்க்கும்.

தடிமனும் கைவரையும் ஒன்றுக்கொன்று நன்றாகக் கைகொடுக்கும். மெல்லிய கையெழுத்தில் கை நடுங்கினால் மொத்தக் கோடுமே கோணலாகிவிடும், படிக்கவும் சிரமம். தடித்த எழுத்தில் நடுக்கம் ஓரத்தோடு நின்றுவிடும், நடுவில் கெட்டியான கறுப்பு அசையாமல் இருக்கும். அதனால் தடித்த எழுத்து நிறைய ஒழுங்கின்மையைத் தாங்கும். தாறுமாறாக ஆடினாலும் படிக்க முடியும். குறும்பான, துள்ளலான தலைப்புகளுக்கு மெல்லிய கையெழுத்தைவிடத் தடித்ததே அதிகம் பயன்படுவதற்கு இது ஒரு முக்கியமான காரணம் என்று நினைக்கிறேன்.

ஆனால் இந்த ஒழுங்கின்மை தானாக வந்ததல்ல, அதையும் வடிவமைக்கத்தான் வேண்டும். வழக்கமான வேலைமுறை இப்படி இருக்கும்: முதலில் காகிதத்தில் பெரிதாக வரைவார்கள். ஸ்கேன் செய்வார்கள். பிறகு எழுத்துரு உருவாக்கும் சாஃப்ட்வேரில் ஒவ்வொரு எழுத்தின் ஓரத்தையும் புள்ளிகளும் வளைகோடுகளுமாக மாற்றுவார்கள். கணினியே தானாக இந்த வேலையைச் செய்தால் ஒரு ‘ப’வுக்கு நூற்றுக்கணக்கான புள்ளிகள் விழுந்து, ஓரம் அரித்தது போல ஆகிவிடும். அதனால் கையால் திரும்ப வரைவதுதான் நல்லது. அப்போது ஒவ்வொரு நெளிவுக்கும் ஒரு முடிவு எடுக்க வேண்டும். இந்தக் கோணல் அழகா, வெறும் பிழையா? அழகானதை விட்டுவைத்து, பிழையைச் சரிசெய்ய வேண்டும். எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டால் உயிர் போய்விடும். எல்லாவற்றையும் விட்டுவைத்தால் பத்து எழுத்தும் பத்துப் பேர் எழுதியது போல இருக்கும். வடிவமைப்பாளரின் திறமை வெளிப்படும் இடம் இதுதான்.

ஒரே எழுத்து இரண்டு முறை வந்தால்

‘பம்பரம்’ என்று ஒரு தலைப்பை வைத்துக்கொள்வோம். இரண்டு ‘ப’, இரண்டு ‘ம்’, நடுவில் ஒரு ‘ர’. நிஜமாகவே பிரஷ்ஷால் எழுதினால் இரண்டாவது ‘ப’ முதலாவதைப் போல இருக்கவே இருக்காது. ஒன்றில் இடது கால் நீளும், இன்னொன்றில் அடிக்கோடு தொங்கும். ஆனால் எழுத்துருவில் ஒரு ‘ப’ படம்தான் சேமித்திருக்கிறது. அதையேதான் கணினி இரண்டு இடத்திலும் வைக்கும். முதல் ‘ப’வின் வலது முனையில் பிரஷ் பிசிறு ஒன்று இருந்தால், இரண்டாவதிலும் அதே பிசிறு அதே இடத்தில் இருக்கும். பார்ப்பவருக்குக் காரணம் சொல்லத் தெரியாவிட்டாலும் ‘இது கம்ப்யூட்டர் எழுத்து’ என்று சட்டென்று தோன்றிவிடும். நிஜமான கை அல்ல என்பது இங்கேதான் வெளிச்சத்துக்கு வருகிறது.

இதற்கு ஒரு துணிச்சலான விடையை 1990-இல் நெதர்லாந்தைச் சேர்ந்த யுஸ்ட் ஃபான் ரோசும், எரிக் ஃபான் பிளாக்லாந்த் என்ற இருவர் கொண்டுவந்தார்கள். அவர்களுடைய ‘பெயோவுல்ஃப்’ எழுத்துருவில் எழுத்தின் ஓரப்புள்ளிகள் ஒவ்வொரு முறை அச்சாகும்போதும் சற்றுத் தற்செயலாக இடம் மாறும். அதனால் ஒரே பக்கத்தில் ஒரே எழுத்து இரண்டு முறை ஒரே மாதிரி வராது. அது ஒரு சோதனை முயற்சி. பரவலாக நிலைத்தது வேறு வழி. மைக்ரோசாஃப்டும் அடோபியும் 1996-இல் அறிவித்த ஓப்பன்டைப் என்ற வடிவம், ஓர் எழுத்துக்குப் பல மாற்று உருவங்களை ஒரே எழுத்துருக் கோப்புக்குள் வைக்க இடம் கொடுத்தது. நல்ல கைவரை எழுத்துரு என்றால் ‘ப’வுக்கு இரண்டோ மூன்றோ உருவங்கள் உள்ளே இருக்கும். ஒரே எழுத்து அடுத்தடுத்து வந்தால் தானாகவே மாற்றிப் போடும். நீங்கள் பயன்படுத்தும் டிசைன் சாஃப்ட்வேரில் கிளிஃப் பேனலைத் (எழுத்துருவுக்குள் இருக்கும் எல்லா உருவங்களையும் வரிசையாகக் காட்டும் பெட்டி) திறந்து பார்த்தால் இந்த மாற்று உருவங்கள் தெரியும். வேண்டியதைக் கையாலேயே தேர்ந்தெடுத்தும் போடலாம்.

ஆங்கிலத்தில் இதற்கு ஒரு குறுக்குவழியும் உண்டு. பெரிய எழுத்துக்கு ஒரு வடிவம், சிறிய எழுத்தின் இடத்தில் அதே பெரிய எழுத்தின் இன்னொரு வடிவம் என்று வைத்துவிடுவார்கள். தட்டச்சு செய்யும்போது மாற்றி மாற்றி அடித்தால் போதும். தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பாகுபாடே இல்லாததால் அந்த வழி அடைபட்டுவிடுகிறது. மாற்று வடிவம் வராத எழுத்துருவாக இருந்தால், தலைப்பை வடிவக் கோடுகளாக (அவுட்லைனாக) மாற்றிவிட்டு இரண்டாவது ‘ப’வை மட்டும் கொஞ்சம் சாய்த்து, ஒரு முனையை லேசாக இழுத்துவிடுங்கள். ஐந்து நிமிட வேலை. பார்ப்பவர் கண்ணில் அந்தத் தலைப்பு எழுதியதாகவே ஆகிவிடும்.

போஸ்டர்தான் தாய்வீடு

ஐரோப்பாவில் அச்சு எழுத்துகள் பல நூற்றாண்டுகளாகப் புத்தகத்துக்காகவே இருந்தன. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டனில் சுவர் விளம்பரங்கள் பெருகியபோதுதான் தூரத்திலிருந்து தெரியும் கனமான எழுத்துகளுக்குத் தேவை வந்தது. கொழுத்த, பருத்த எழுத்துகள் அப்போதுதான் வார்க்கப்பட்டன. ஆனால் பெரிய எழுத்தை ஈயத்தில் வார்ப்பது சிரமம். கனம் அதிகம், விலை அதிகம், ஆறும்போது மேற்பரப்பு சமமாக வருவதும் கடினம். 1827-இல் நியூயார்க்கில் டேரியஸ் வெல்ஸ் மரத்தைக் குடைந்து எழுத்துகளைச் செய்யும் இயந்திர முறையைக் கொண்டுவந்தார். மர எழுத்து லேசானது, மலிவானது, எவ்வளவு பெரிதாகவும் செய்யலாம். போஸ்டர் எழுத்துகள் கட்டுக்கடங்காமல் பெருத்தது இதற்குப் பிறகுதான்.

இன்னொரு பக்கம், ஜெர்மனியைச் சேர்ந்த செனெஃபெல்டர் 18-ஆம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில் கண்டுபிடித்த கல்லச்சு முறை இருந்தது. அதில் ஓவியர் கல்லின் மேல் நேரடியாக வரையலாம். படத்தோடு எழுத்தையும் கையாலேயே வரைந்துவிடலாம், வார்த்த எழுத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. இந்த முறையில் ஊறியவர் பெர்லினின் போஸ்டர் ஓவியர் லூசியன் பெர்ன்ஹார்ட். 1905 வாக்கில் தீப்பெட்டி விளம்பரம் ஒன்றுக்கு அவர் வரைந்த போஸ்டரில் இரண்டு தீக்குச்சிகளும் கம்பெனியின் பெயரும் மட்டும்தான். பெயர் கையால் வரைந்த தடித்த எழுத்தில். வேறு ஒரு சொல்கூடக் கிடையாது. தடித்த எழுத்துக்குப் பக்கத்தில் எவ்வளவு வெற்றிடம் வேண்டும் என்று கற்றுக்கொள்ள அதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை. அந்தப் பாணிப் போஸ்டர்கள் பிடித்துப்போன காலத்தில், 1908-இல் பெர்லினின் பெர்த்தோல்ட் நிறுவனம் ‘பிளாக்’ (Block) என்ற எழுத்துருவை வெளியிட்டது. வார்த்த எழுத்துதான், ஆனால் ஓரங்கள் வேண்டுமென்றே நெளிந்திருக்கும். கையால் வரைந்த தோற்றத்தை அச்சுக்கோப்பவர் கையில் கொடுத்த ஆரம்ப கால எழுத்துருக்களில் இது முக்கியமானது.

எல்லாரும் எங்கேயோ பார்த்திருக்கும் ஒன்று கூப்பர் பிளாக். சிகாகோவைச் சேர்ந்த எழுத்துக் கலைஞர் ஓஸ்வால்ட் கூப்பர் வரைந்து 1922-இல் வெளிவந்தது. ஈஸிஜெட் விமானங்களின் மேல் ஆரஞ்சு நிறத்தில் எழுதியிருப்பது இந்த எழுத்துதான். அதில் கூர்மையான மூலை ஒன்றைக்கூடக் காண முடியாது. எழுத்தின் பாதங்கள் தரையில் தட்டையாக நிற்காமல் உப்பியிருக்கும். ஆங்கில ‘ஓ’வின் நடுவில் இருக்கும் ஓட்டை நேராக இல்லாமல் பின்னால் சாய்ந்திருக்கும். அந்தச் சாய்ந்த சிறு ஓட்டையை நிமிர்த்திவிட்டால் கூப்பர் பிளாக்கின் சிரிப்பே போய்விடும் என்று தோன்றும். இவ்வளவு கனமான எழுத்து மிரட்டாமல் அன்பாகத் தெரிவதற்கு அந்த உருண்ட ஓரமும் அந்த வெள்ளையுமே காரணம்.

1950களில் பிரான்ஸின் மார்செய் நகரத்தில் ரோஜர் எக்ஸ்கோஃபோன், ஒலிவ் என்ற எழுத்து வார்ப்பகத்துக்காக ‘மிஸ்த்ரால்’, ‘ஷோக்’ போன்ற எழுத்துகளை வரைந்தார். 1955-இல் வந்த ‘ஷோக்’ தடித்த பிரஷ்ஷின் வேகத்தை அப்படியே உலோகத்தில் பிடித்தது. 1961-இல் லெட்ராசெட்டின் தேய்த்து ஒட்டும் எழுத்துத் தாள்கள் வந்த பிறகு, அச்சகமே இல்லாமல் யார் வேண்டுமானாலும் தலைப்பு வைக்கலாம் என்றானது. அப்புறம் கணினி வந்தது, மீதி நமக்குத் தெரியும்.

எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது

இந்த எழுத்து உரக்கப் பேசும் ஆள் மாதிரி. ஒரு வரி சொல்லி நிறுத்தினால் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள், ஒரு மணி நேரம் அப்படியே பேசினால் எழுந்து போய்விடுவார்கள். ஒன்று முதல் ஆறு சொற்கள் வரை இதற்கு உகந்த நீளம். நிகழ்ச்சிப் போஸ்டர், புத்தக அட்டை, பொருளின் உறை, ஸ்டிக்கர், டி-ஷர்ட், விளையாட்டு ஆப்பின் முகப்பு, காணொளியின் முகப்புப் படம், இவையெல்லாம் தாராளமாகப் பொருந்தும் இடங்கள். லோகோவுக்கும் பயன்படும். ஆனால் எழுத்துருவை அப்படியே தட்டச்சு செய்து லோகோ என்று வைத்தால் நாளைக்கே இன்னொருவர் அதே முகத்தோடு வந்து நிற்பார். ஓர் எழுத்தையாவது உங்களுக்கென்று மாற்றி வரைந்துகொள்ளுங்கள்.

மருந்துக் குறிப்பு, படிவம், ஒப்பந்தம், அட்டவணை, இவற்றில் வேண்டாம். இரங்கல் செய்தியில் வேண்டவே வேண்டாம். ஆபத்து எச்சரிக்கைப் பலகையிலும் தவிர்ப்பது நல்லது. தடித்திருப்பதால் பொருந்தும் என்று தோன்றும், ஆனால் துள்ளும் எழுத்து எச்சரிக்கையின் கடுமையைக் கரைத்துவிடும். தீவிரமான கட்டுரைக்குத் தலைப்பு வைக்கும்போது மட்டும் யோசியுங்கள். மரத்தில் செதுக்கியது போன்ற கரடுமுரடான எழுத்து ஒரு போராட்டச் செய்திக்குக் கச்சிதமாக அமையும். உப்பிய உருண்டை எழுத்து அதே செய்தியைச் சிறுபிள்ளைத்தனமாக்கிவிடும். இரண்டுமே தடித்த கைவரை எழுத்துகள்தான், குணம்தான் வேறு.

எந்தப் பொருளில் ஏறப்போகிறது என்பதையும் பாருங்கள். பிசிறடித்த பிரஷ் ஓரம் திரையிலும் காகிதத்திலும் அழகாக இருக்கும். அதையே வினைல் ஸ்டிக்கராக வெட்டக் கொடுத்தால் கத்தி ஒவ்வொரு பிசிறையும் தொடர்ந்து போக வேண்டும், உரிக்கும்போது துணுக்குத் துணுக்காகப் பிய்ந்து வரும். எம்பிராய்டரியில் நூல் அவ்வளவு நுணுக்கமாகப் போகாது. ஸ்கிரீன் பிரிண்டிங்கில் சாக்பீஸ் பொரிகள் பாதி அடைபட்டுவிடும். அந்த இடங்களுக்கு ஓரம் சுத்தமாக உள்ள எழுத்தையே எடுங்கள். சிறிய அளவில் வைக்கும்போதும் அப்படித்தான். பெரிதாக இருக்கும்போது ‘கை’ என்று தெரியும் பிசிறு, சிறிதானதும் அழுக்கு போலத் தெரியும்.

வைக்கும்போது கவனிக்க வேண்டியவை

முதலில், பக்கத்தில் என்ன வைக்கிறோம் என்பது. தலைப்பு ஆடுகிறதென்றால் கீழே வரும் விவரங்கள் அமைதியாக இருக்க வேண்டும். அலங்காரம் இல்லாத ஒரு சாதாரண எழுத்துரு, சாதாரணத் தடிமன், தலைப்பின் அளவில் மூன்றில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோ. இரண்டு கைவரை எழுத்துருக்களை ஒரே பக்கத்தில் வைத்தால் இரண்டும் சண்டை போடும். ஒன்றே போதும்.

எழுத்துகளுக்கு இடையிலான இடத்தைப் பொறுத்தவரை, பெரிய அளவில் கொஞ்சம் நெருக்கினால் சொல் ஒரே கட்டியாகி அழுத்தமாகத் தெரியும். ஆனால் எழுத்துக்கு உள்ளே இருக்கும் வெள்ளையைவிட எழுத்துகளுக்கு நடுவே இருக்கும் வெள்ளை மிகவும் கூடினாலோ குறைந்தாலோ சொல் கலைந்துபோகும். தமிழில் இன்னொரு சிக்கல் உண்டு. ‘கொ’ என்பது மூன்று துண்டு. கொம்பு, ககரம், கால். இடைவெளியை அதிகமாக விரித்தால் அந்த மூன்றும் மூன்று திசையில் போய்விடும். அதனால் தமிழ்த் தலைப்புகளை விரித்து வைக்காதீர்கள்.

ஆங்கிலப் போஸ்டர்களைப் பார்த்துக் கற்றுக்கொள்பவர்கள் இடறும் இடம் வரி இடைவெளி. ஆங்கிலப் பெரிய எழுத்துகள் எல்லாம் ஒரே உயரம். வரிக்கு மேல் வரியாகச் செங்கல் அடுக்குவது போல இடைவெளியே இல்லாமல் அடுக்கலாம். தமிழில் ‘கி’, ‘கீ’ மேலே சுழிக்கும், ‘து’, ‘ழு’, ‘று’ கீழே இறங்கும். மேல் வரியின் ‘று’வின் வாலும் கீழ் வரியின் ‘கீ’யின் கொண்டையும் ஒரே இடத்தில் வந்தால் முட்டிக்கொள்ளும். இதை இடைவெளியைக் கூட்டித்தான் தீர்க்க வேண்டும் என்றில்லை. சொற்களை வேறு இடத்தில் உடைத்தால், அல்லது கீழ் வரியைக் கொஞ்சம் பக்கவாட்டில் நகர்த்தினால், வால் விழும் இடத்தில் ஒரு பள்ளம் வந்து கச்சிதமாகப் பொருந்திவிடும். இரண்டு வரியும் கைகோத்து நிற்பது போல ஆகும். தமிழ்த் தலைப்பு எழுத்தில் எனக்கு மிகவும் பிடித்த வேலை இது. ஆங்கிலத்தின் ஒரே உயரப் பெரிய எழுத்துகளில் இந்த விளையாட்டுக்கு இடமே இல்லை.

அடுத்தது, பொய்த் தடிமன். பல டிஸ்ப்ளே எழுத்துருக்களில் ஒரே ஒரு தடிமன்தான் இருக்கும். பார்க்கத் தடித்ததாக இருந்தாலும் கோப்புக்குள் அது ‘ரெகுலர் 400’ என்றே பதிவாகியிருக்கும். வலைப்பக்கத்தின் தலைப்புகளோ இயல்பாகவே போல்டு கேட்கும். எழுத்துருவில் போல்டு இல்லை என்றதும் உலாவி தானே எழுத்தைச் சுற்றிலும் கறுப்பைப் பூசிவிடும். ஏற்கெனவே குறுகியிருந்த சுழிகள் அடைந்துபோகும். உங்கள் பக்கத்தில் மட்டும் அந்த எழுத்து மொத்தையாகத் தெரிந்தால் இதுதான் காரணமாக இருக்கும். தலைப்பின் தடிமனை ‘நார்மல்’ என்று மாற்றினால் சரியாகிவிடும். டிசைன் சாஃப்ட்வேரில் போல்டு பட்டனை அழுத்துவதும் சில சமயம் இதே விளைவைத் தரும்.

புகைப்படத்தின் மேல் தலைப்பு வைக்கும்போது எழுத்தைச் சுற்றி வெளிக்கோடு போடுவது வழக்கம். பல சாஃப்ட்வேர்களில் அந்தக் கோடு எழுத்தின் ஓரத்தில் பாதி வெளியே, பாதி உள்ளே விழும். உள்ளே விழும் பாதி எழுத்தைத் தின்றுவிடும். கோட்டை எழுத்துக்குப் பின்னால் அனுப்புங்கள், அல்லது முழுவதும் வெளிப்பக்கமாக வையுங்கள். அப்போதும் வெளிக்கோடு சுழிகளுக்குள் புகுந்து அவற்றை மூடுகிறதா என்று ஒரு முறை பார்த்துவிடுங்கள். நிறத்தைப் பொறுத்தவரை தடித்த எழுத்து கொஞ்சம் இடம் கொடுக்கும். எல்லாராலும் படிக்க முடிய வேண்டும் என்று வகுத்த இணைய அணுக்க வழிகாட்டுதல்கள் சாதாரண எழுத்துக்குப் பின்னணியோடு குறைந்தது 4.5:1 என்ற வெளிச்ச வேறுபாட்டை எதிர்பார்க்கின்றன. 18 பாயின்ட்டோ அதற்கு மேலோ உள்ள எழுத்துக்கும், 14 பாயின்ட்டோ அதற்கு மேலோ உள்ள போல்டு எழுத்துக்கும் 3:1 இருந்தால் போதும். அதனால் சாதாரண எழுத்தில் மங்கிப்போகும் நிறங்கள்கூட இங்கே எடுபடும்.

தமிழில் தேடும்போது

தமிழில் இத்தகைய எழுத்துரு செய்வது பெரிய வேலை. ஆங்கிலப் பெரிய எழுத்துகள் 26 மட்டும் வரைந்து ஓர் எழுத்துருவை வெளியிட்டுவிடலாம், பலரும் அப்படித்தான் செய்கிறார்கள். தமிழில் உகர, ஊகார வரிசைகளில் மட்டும் 18 மெய்களுக்கும் சேர்த்து 36 வடிவங்கள், ‘கு’ ஒரு மாதிரி, ‘சு’ ஒரு மாதிரி, ‘நூ’ ஒரு மாதிரி என்று வளையும். அத்தனையிலும் அதே கை தெரிய வேண்டும். அதனாலேயே எண்ணிக்கை குறைவு, ஆனாலும் நல்லவை இருக்கின்றன. கூகுள் எழுத்துருக்களில் ஏக் டைப் குழுவினரின் ‘பலூ தம்பி 2’ உருண்டு திரண்ட, அன்பான தடித்த எழுத்து. தமிழும் ஆங்கிலமும் ஒரே குணத்தில் வரும், பல தடிமன்களில் கிடைக்கும். ‘காய்னி’ இன்னும் கனமாக, இன்னும் விளையாட்டாக இருக்கும். இவை கட்டற்ற உரிமத்தில் கிடைப்பதால் வணிக வேலைக்கும் பயன்படுத்தலாம். மற்ற தளங்களில் ‘சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டும் இலவசம்’ என்று இருந்தால், போஸ்டர் அடித்து விற்பதற்கு அது போதாது. உரிமத்தைப் படித்துவிட்டே இறங்குங்கள்.

பழைய அலங்காரத் தமிழ் எழுத்துருக்கள் பல, இன்று கணினிகளில் பொதுவாக இருக்கும் யூனிகோடு என்ற எழுத்துக் குறியீட்டுக்கு முந்திய குறியீட்டில் இருக்கும். யூனிகோடில் தட்டச்சு செய்த தலைப்புக்கு அவற்றைத் தேர்ந்தெடுத்தால் எந்த மாற்றமும் தெரியாது, அல்லது கட்டம் கட்டமாக வரும். எழுத்துரு கெட்டுவிட்டது என்று தூக்கிப் போட வேண்டாம். பாமினி போன்ற அந்தக் குறியீட்டுக்கு உரையை மாற்றித் தரும் கருவிகள் இணையத்தில் கிடைக்கின்றன. மாற்றி ஒட்டினால் வேலை செய்யும்.

எதை எடுப்பது என்று தயங்கினால், மாதிரிப் படத்தில் இருக்கும் சொற்களை நம்பாதீர்கள். அந்த எழுத்துருவுக்கு எது அழகோ அதைத்தான் அங்கே போட்டிருப்பார்கள். உங்கள் தலைப்பையே தட்டச்சு செய்து பாருங்கள். அதில் ‘ண’வோ ‘ஞ’வோ ‘ஐ’யோ இருந்தால் முதலில் அவற்றைப் பாருங்கள். ‘ர’வும் காலும் அடுத்தடுத்து வந்தால் இரண்டும் பிரிந்து தெரிகிறதா என்று பாருங்கள். பிறகு திரையில் கட்டைவிரல் அளவுக்குச் சுருக்கி, கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தால் அடைபடும் சுழிகள் எவை என்று தெரிந்துவிடும். அச்சுக்குப் போவதென்றால் உண்மையான அளவில் ஒரு சொல்லையாவது அச்சடித்து, சுவரில் ஒட்டி, வாசகர் நிற்கப்போகும் தூரத்தில் நின்று பாருங்கள். சுமார் 10 அடி தூரத்துக்கு 1 அங்குல உயரம் என்று பலகை எழுதுபவர்கள் வைத்திருக்கும் கணக்கு, ஆரம்பிப்பதற்கு நல்ல அளவு. சுழி மிகுந்த தமிழ் எழுத்துகளுக்கு அதைவிடக் கொஞ்சம் கூட்டியே வையுங்கள்.